வாய் நீண்ட ஃபிரிட்ஜ்

மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் சங்கரபாண்டி, தன் பழைய பேசும் ஃபிரிட்ஜை ஆன்லைனில் விற்றதற்கு ஒரே காரணம் அதன் வாய்தான். இருக்கிற வீட்டின் பேச்சையும் குரலையும் அப்படியே பிடித்துக்கொள்ளும் ரகம் அது. இங்கே அது பிடித்துக்கொண்டது அவர் பெண்டாட்டி இசக்கியம்மாளின் பேச்சை. வேலை முடிந்து வந்தால் அவள் ஒரு பக்கம், ஃபிரிட்ஜ் ஒரு பக்கம் என்று காதைக் குடைந்தார்கள்.

வாங்கிய பேங்க் மேனேஜர் பத்தே நாளில் புகார் கொடுத்துவிட்டார். ஆன்லைன் கம்பெனியில் புகாரை விசாரிக்கும் பஞ்சாயத்து மெஷின் இருவரையும் போனில் கூப்பிட்டது.

"எங்க மாமனாரைப் பார்த்து, 'கூறு கெட்ட மனுசா, கதவச் சாத்தும்'ங்குது சார்!" என்றார் மேனேஜர்.

ஃபிரிட்ஜ் திரும்பி வந்தால் நிம்மதி போச்சே என்று சங்கரபாண்டி முந்திக்கொண்டார். "இங்க அது தங்கமால்லா பேசிச்சு! உங்க வீட்டுல கத்துக்கிட்டிருக்கும்," என்று கூசாமல் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து இசக்கியம்மாள் கத்தினாள்.

"கூறு கெட்ட மனுசா, கதவச் சாத்தும்! வாசல் வழியா நாய் வருதுல்லா!"

"புகாரோடு வந்த ஃபிரிட்ஜின் பதிவோடு இந்தக் குரல் பொருந்துகிறது," என்றது மெஷின். "பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும்."

மறுநாள் சாயங்காலம், வந்து இறங்கிய ஃபிரிட்ஜைச் சங்கரபாண்டி பயந்து பயந்துதான் திறந்தார்.

"வந்துட்டீங்களா? இப்படி வேர்த்துக் கொட்டுதே! முதல்ல தண்ணி குடிங்க," என்றது அது, மேனேஜர் வீட்டம்மாவின் குரலில்.

இசக்கியம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"யாரு அவ? இத நாளைக்கே வித்துத் தொலையும்!"

"திரும்பி வந்த சாமான எவன் வாங்குவான்?" என்ற சங்கரபாண்டி, கதவைச் சாத்தாமலே இன்னொரு தம்ளர் தண்ணி ஊற்றிக்கொண்டார்.