கெண்டைக்காலில் ஏறியது

நாய் இப்போது எங்கே என்று டாக்டரம்மா கேட்டதும் குருவம்மாவின் புருஷன் சுவரைப் பார்த்தார்.

வந்தது சர்க்கரை மாத்திரை வாங்க. குருவம்மா எடை மிஷினில் ஏறினாள். அதற்குச் சேலையை அவ்வளவு தூக்க வேண்டியதில்லை. தூக்கினாள். கெண்டைக்காலில் நாலு பல் தடம் தெரிந்தது. அப்பிய சுண்ணாம்பு இன்னும் உதிரவில்லை.

சுண்ணாம்பு வைத்தது அவர்தான். ஊசி வேண்டாம் என்றதும் அவர்தான். பெண்டாட்டி உடம்பை அவருக்குத் தெரியாதா?

"ஒம்பது நாளாச்சு. வீட்டு நாய். மாத்திரையை மட்டும் குடுங்க."

"நாய் எங்கன்னு கேட்டேன்."

"ஓடிப்போச்சு. கூட்ஸ் வண்டிச் சத்தத்துக்கு மிரண்டு."

குருவம்மா சேலையை இறக்கவில்லை.

டாக்டரம்மா சின்னப் பெண். ஊசி போடுகிற எவரையும் அவர் நம்பியதில்லை. இவளையா நம்பப் போகிறார்.

"என்ன வேலை பாத்தீங்க ஐயா?"

"ரயில்வே. கீமேன்."

முப்பத்தோரு வருஷம். தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்த சாவிகளை, அதாவது தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்பு ஆப்புகளை, சுத்தியலால் அடித்து இறுக்கும் வேலை. மேலே எந்தச் சரக்கு போகிறது என்று எவனும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகும் காலையில் லைனோரம் நடப்பார். ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டு வருவதுபோல நாய் அவருக்குப் பின்னால் வரும். அதனால் அதற்குக் கார்டு என்று பெயர்.

"அப்ப உங்களுக்குச் சொன்னாப் புரியும். வெறிநாய்க்கடிக் கிருமிக்குக் கால் கிடையாது. தானா நகராது. நம்ம நரம்புக்குள்ள தண்டவாளம் மாதிரி இழை ஓடுது. உடம்பு தன்னோட சாமானை அதுலதான் ஏத்தி அனுப்பும். இது அதுல தொத்திக்கிட்டு மூளைக்குப் போயிரும்."

"டிக்கெட் இல்லாமலா?"

"உடம்பே ஏத்தி விட்டுரும். தன் சரக்குன்னு நெனைச்சு. வழியில பிடிக்கத்தான் ஊசி. போய்ச் சேந்துட்டா பிடிக்க மருந்தில்ல."

அவர் குருவம்மாவின் காலைப் பார்த்தார்.

கெண்டைக்கால். முழங்கால். இடுப்பு. முதுகு.

நாற்பது வருஷமாகப் படுத்து அறியாத உடம்பு. ஒரு சாவிகூடத் தளர்ந்திருக்காது.

ஒன்பது நாளில் எந்த ஸ்டேஷனைத் தாண்டியிருக்கும்?

"செத்துப்போச்சு" என்றார்.

"எது?"

"நாய். கடிச்ச அஞ்சாம் நாள். வாயெல்லாம் நுரை. விடியுமுன்ன லைனுக்கு அந்தாண்ட பொதச்சிட்டேன்."

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். உள்ளே குளிர்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டியிருக்கலாம்.

குருவம்மா ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். ஊசியோடு வந்த டாக்டரம்மாவிடம் சொன்னாள்.

"இவுகளுக்கும் போடுங்க தாயி. வெறுங்கையோடதான் அதைத் தூக்கிட்டுப் போனாக. கை பூராம் வெடிப்பு."

அவர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

அங்கிருந்து மூளைக்குத் தூரம் இன்னும் குறைவு.