முன்னாள் ஒய்.பி. கொண்டுவந்த சேலை

வடமலை காரை விட்டு இறங்கியதும் யாரோ ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள்.

"வாங்க ஒய்.பி." சட்டமன்ற உறுப்பினரை அழைக்கும் மரியாதைச் சொல்; பதவி போயும் அது மட்டும் போகவில்லை.

தேர்தலில் தோற்றபிறகு கல்யாணப் பத்திரிகைகள் வருவது நின்றுபோயிற்று. சாவுக்குப் பத்திரிகை வேண்டாம். காலைப் பேப்பரைப் பார்த்துப் பூமாலையோடு கிளம்பிவிடுவார். அங்கேதான் இன்னும் முன்வரிசை கிடைக்கிறது.

இன்று கையில் பூமாலை இல்லை. மடியில் ஒரு காகிதப் பை. யாரிடமாவது கொடுத்துவிட்டு நழுவிவிடுவதா, எழுந்து நிற்பதா? ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் வரை வழியெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை.

ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய மலிவு விலை வீடுகள். கூடாரத்துக்குள் வெக்கை.

சட்டமன்றத்தில் மூன்று தவணை இருந்தவர். பண்பாடு, குலப் பெருமை என்று மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். பெற்றவர் சொல்லை மீறிக் கட்டிக்கொண்டு போகும் பிள்ளைகளை மேடையிலேயே கிழித்துத் தொங்கவிடுவார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். இப்போது வீட்டில் அவரோடு பேசுவது டிவி மட்டும்தான்.

பெட்டிக்குள் குமுதா கிடந்தாள். காதோரம் நரைத்திருந்தது. நரை எப்போது வந்ததோ, அவருக்குத் தெரியாது.

தலைமாட்டில் நின்ற அவள் கணவன், லாரி ஓட்டுகிறவன், வடமலையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

சடங்கு செய்யும் மாயாண்டி குரல் கொடுத்தார். "பிறந்த வீட்டுக் கோடித் துணி யாருப்பா? கொண்டாங்க."



"அந்தப் பொண்ணுக்கு யாரு இருக்கா அண்ணே?" பக்கத்து வீட்டுத் துளசி மூக்கைச் சிந்தினாள். "அப்பா எப்பவோ செத்துட்டாருன்னு சொல்லும் லா."

வடமலை எழுந்தார். பையிலிருந்து அரக்குச் சிவப்புப் பட்டுச் சேலையை எடுத்து அவள்மேல் விரித்தார். சுருக்கத்தை நீவிவிட்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"பாத்தீங்களா நம்ம ஒய்.பி.ய?" கூட்டத்தில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். "யாரு பெத்த பிள்ளைக்கோ கோடி போடுறாரு."

தீபாவளிக்குத் தீபாவளி அவர் கையால் சேலை வாங்கிய பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அப்போதும் இப்படித்தான், ஒரு கையில் சேலை, எதிரே கேமரா.

யாரோ கைப்பேசியைத் தூக்கினார்கள். "ஒய்.பி., கொஞ்சம் இங்க பாருங்க."

பழக்கத்தில் அவர் முகம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

மகள்மேல் இருந்த கை மட்டும் வரவில்லை.