இனிஷியல் இல்லாத திட்டம்

ஆஸ்லோவில் குடியேறிய புதிதில், எந்த மருத்துவக் காப்பீட்டை எடுப்பது என்று இசைவாணிக்குத் தலை சுற்றியது. திரையில் வந்த ஆலோசகர் பொறுமையாகவே விளக்கினார். அப்பா இன்னார் என்று பதிந்தால் அவருடைய நோயும் கணக்கில் சேரும். வேண்டாமென்றால் கட்டணம் பாதிதான். ஆனால் அதன்பின் எந்தப் பதிவிலும் அவர் அப்பா கிடையாது.

அவள் அப்பா நாற்பது வயதில் மாரடைப்பில் போனவர்.

"பாதியையே எடுத்துக்கோயேன். இங்க எல்லாரும் அப்படித்தான். மாமாவுக்குத் தெரியவா போகுது?" என்றான் கணவன் குமரவேல். இருக்கிற சம்பளத்துக்கு அது நியாயம்தான். அவளும் தலையாட்டினாள்.

கையெழுத்துப் போட விரலைத் திரையில் வைத்ததும், சிலேட்டில் அவள் கையைப் பிடித்து எழுதவைத்த, கிரீஸ் வாசனையடிக்கும் அப்பாவின் கை ஞாபகம் வந்தது. பெயருக்கு முன்னால் எதற்கு ஓர் எழுத்து என்று அன்று கேட்டிருந்தாள்.

"அது அப்பா, கண்ணு. நான் முன்னால நிக்கிறேன். நீ பயப்படாம பின்னால வா."

விரல் தன்பாட்டுக்கு 'சு. இசைவாணி' என்று எழுதி முடித்திருந்தது.

"முதல் எழுத்து யாருடையது?" என்றது திரை.

"அழிச்சிடு, வாணி," என்றான் குமரவேல் மெதுவாக.

"எங்கப்பா," என்றாள்.

கட்டணம் இரண்டு மடங்கானது. அப்பா என்ற அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷமாகியிருந்தது.