வளையல் ஏறாத கை

வளையல் கட்டைவிரல் மேட்டோடு நின்றுவிட்டது.

வளையல்காரி அந்தக் கையைத் திருப்பினாள். பிசைந்தாள். சோப்பு நுரை தொட்டுத் தடவினாள்.

ஏறவில்லை.

முப்பது வருஷ வியாபாரத்தில் அவளிடம் தோற்காத கை இல்லை. உப்பளத்துக் கை, செங்கல் சூளைக் கை, எதுவானாலும் அவள் பிடித்தால் வெண்ணெய். யானை வந்து தும்பிக்கையை நீட்டியிருந்தாலும் ஒரு டஜன் போட்டுத்தான் அனுப்பியிருப்பாள்.

பத்து நாளைக்கு முன்னால் இதே கைக்கு அளவு எடுத்தாள். இது அதைவிட இரண்டு அளவு பெரிய வளையல்.

வளைகாப்பு மண்டபம் பிதுங்கியது. ஊரில் பாதி நாற்காலியில், மறு பாதி பந்தியில். நடுவில், பூச்சுற்றிய நாற்காலியில் செண்பகவல்லி. ஒன்பது மாத வயிறு. பட்டும் நகையும் மாலையுமாக முக்கால் வண்டிப் பாரம்.

"எங்க வீட்டுச் சோறு! கையும் காலும் எப்படிப் பூசுன மாதிரி இருக்கு, பாருங்க" என்றாள் மாமியார்.

"ஏத்தா வளையக்காரி, தொட்டில் புள்ளைக்குப் போடுறதையா கொண்டாந்த?" என்று ஒருத்தி கேட்டாள். சிரித்த சிரிப்பில் கூரை ஒரு சாண் உயர்ந்து இறங்கியது.

வளையல்காரி சிரிக்கவில்லை.

போன ஆனியில் இன்னொரு மண்டபம். இப்படித்தான் ஒரு கை. வாயை மூடிக்கொண்டு ஏற்றிவிட்டாள்.

பதினோராம் நாள் அந்த வளையல்களை உடைத்து எடுத்தார்கள். தாயையும் பிள்ளையையும் ஒன்றாகவே கொண்டுபோனார்கள்.

பிறகுதான் ஊர் நர்ஸைத் தேடிப்போய்க் கேட்டாள். அது சதை இல்லை. நீர். ரத்தக்கொதிப்பு ஏறியிருந்திருக்கும்.

குனிந்து, செண்பகவல்லியின் காதோடு கேட்டாள்.

"தல வலிக்குதா தாயி?"

"ரெண்டு நாளா. கண்ணு முன்னால பூச்சி பூச்சியாப் பறக்குது. அத்தைகிட்டச் சொன்னா விசேஷம் நின்னுபோகுமேன்னு…"

அவள் பெட்டியை மூடினாள். இனி இந்த ஊரில் யாரும் அவளைக் கூப்பிடமாட்டார்கள்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இப்பவே."

இரைச்சல் அறுந்தது.

"நல்ல நாள்ல என்ன வாய் இது?" மாமியார் எழுந்து வந்தாள். குறுக்கே ஒரு பூனை போனால் ஒரு வாரத்துக்கு வாசல் தாண்டாதவள். "வளையல் போடாம எந்திரிச்சாப் புள்ளைக்கு ஆகாது. ஆரத்தி எடுத்துட்டு எங்க வேணாலும் போவோம்."

வளையல்காரி குனிந்தாள். மாமியாரின் கட்டைவிரலைப் பிடித்தாள். செண்பகவல்லியின் கணுக்காலுக்கு மேலே வைத்து, அழுத்தி, எடுத்தாள்.

குழி.

எல்லாரும் பார்த்தார்கள்.

குழி நிரம்பவில்லை.

மாமியார் தன் விரலைப் பார்த்தாள். மறுபடி குழியைப் பார்த்தாள்.

"கார எடுங்கடா!"

அந்தச் சத்தத்துக்கு அடுத்த ஊரிலும் எவனோ சாவியைத் தேடியிருப்பான்.

செண்பகவல்லி எழப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. நாற்காலியோடு தூக்கினார்கள். மூலைக்கு ஒருவராக, நாலு ஆண்கள்.

வாசலுக்கு இரண்டடி இருந்தது.

"நில்லுங்க."

மாமியார் எண்ணிவிட்டாள்.

நாலு பேர்.

கூட்டமும் எண்ணியது. நாலு பேர் தூக்குவது பாடையைத்தான்.

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகினாள். ஓடிவந்தாள். இருக்கைக்கு அடியில் தன் இரண்டு கைகளையும் கொடுத்தாள்.

"இப்ப நடங்க."