4417

மலைக்காட்டுப் பெண்கள் கீழே தலைமை மருத்துவமனைக்கு வந்து பெற்றெடுக்கும் ஒவ்வொரு குழந்தையின் பதிவும், தடுப்பூசிக்காக மலைக்கிளையின் தரவுத்தளத்துக்குத் தானாகவே போய்ச் சேரும். பதிவுகளை இப்படித் தானாக அனுப்பும் இணைப்புக்குக் கணினிப் பிரிவில் 'சந்தா' என்று பெயர். அந்தச் சந்தா மூன்று நாளாக நின்று கிடந்தது. தலைமை மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலைபார்த்த நிலோஃபர் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள்: அடுத்துப் போக வேண்டிய பதிவின் எண் 4417; அதே எண்ணில் மலைக்கிளையில் ஏற்கெனவே ஒரு பதிவு இருந்ததால் சந்தா அங்கேயே முட்டி நின்றிருந்தது. யாரோ கையால் சேர்த்த வரி, பெயர்கூட இல்லை.

"அத அழிச்சுட்டு சந்தாவ ஓட விடும்மா," என்றார் மேலாளர்.

அவளுக்கு மனம் வரவில்லை. மலைக்குப் போன் போட்டாள்.

"லைன் கட்டான அன்னிக்கு நான்தான் மேடம் ஏத்தினேன். இங்கயே பொறந்துடுச்சு," என்றாள் நர்ஸ் ஜெபராணி.

"அப்படி ஒரு கொழந்தை நெசமாவே இருக்கா?"

"இருக்காவா? இந்தாங்க, நீங்களே கேளுங்க!"

காது கிழியும்படி ஓர் அழுகை வந்தது. நிலோஃபர் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வரிக்கு வேறு எண் கொடுத்துவிட்டுச் சந்தாவை ஓடவிட்டாள். அடைபட்டுக் கிடந்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறின. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. கடைசிக் குழந்தையும் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் போனை வைக்கவில்லை. அங்கே அழுகை அடங்கி, சப்புக்கொட்டிப் பால் குடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.