கூட வந்தது யார்?

"துறைமுகத்தில கிரேன் ஓட்டுறனீராம். ஒரு ஊசிக்கு இந்தக் கத்துக் கத்துறீர்! வெளியில சின்னப்பிள்ளையள் சிரிக்குதுகள். எழும்பிப் போம் ஐசே!"

வெள்ளவத்தை பல் டொக்டர் நவரத்தினம் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். காத்திருந்த சனம் முழுக்கச் சிரித்தது.

நிக்கலஸ் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான். ஆறடி ஆள். கழுத்தில் கட்டிவிட்ட துணியைக்கூட அவிழ்க்க மறந்து, அதோடேயே காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றான். அவன் மனைவி பேர்ணடெற்றுக்கு வயிறு பற்றி எரிந்தது. கைராசிக்காரர் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவனை மட்டக்குளியிலிருந்து இழுத்து வந்தவளே அவள்தான்.

வீட்டில் அந்தத் துணியைத் தோய்த்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"திருப்பிக் குடுக்கப் போறியா?" என்றான் நிக்கலஸ், கன்னத்தைப் பொத்தியபடி.

"ஓம். ஒரு நாளைக்கு அந்தாள்ட மூஞ்சியில எறிஞ்சு குடுப்பன்."

கோபம் ஆறும்வரை பல்வலி காத்திருக்குமா? அடுத்த கிழமை கொட்டாஞ்சேனையில் டொக்டர் அலவியிடம் போனார்கள். பயந்தவர்களுக்கு அவர் முதலில் கையில் ஒரு ஊசி போடுவாராம். கண் சொக்கிவிடுமாம், பல் போவதே தெரியாதாம்.

"கையில எத்தினையும் குத்தட்டும், வாய்க்குள்ள மட்டும் நான் பார்க்க வேணாம்" என்று நிக்கலஸும் சம்மதித்துவிட்டான்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடவே ஓர் ஆள் வரவேண்டும். சண்டை நடந்த நாளில், கொழும்பில் அரை மயக்கத்தில் தமிழன் ஒருவன் தனியாகச் செக்பொயின்ட் தாண்டுகிற காலமா அது? நாக்குக் கொஞ்சம் குழறினாலும் நேரே பொலிஸ்தான்.

அங்கே சுவரோர வாங்கு நிறையச் சனம் குந்தியிருந்தது. மூலையில் ஒருவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு இருந்தார். நர்ஸ் மேபல் அவரிடம் வந்தாள்.

"உங்களோட கூட வந்தது யாரு?"

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை."

"அப்ப ஊசி போட ஏலாது. வீட்டில யாரையும் கூட்டிக்கொண்டு இன்னொரு நாள் வாங்க."

"வீட்டில சொல்லேலாது பிள்ளை. மூண்டு நாளா நித்திரை இல்லை. எப்பிடியாவது பாருங்கோ."

கெஞ்சுகிற அவசரத்தில் பேப்பர் இறங்கியது. டொக்டர் நவரத்தினம்! ஒரு கன்னம் பேக்கரிப் பணிஸ் மாதிரி உப்பி வீங்கியிருந்தது.

கடவுள் இருக்கிறார் என்று நினைத்தாள் பேர்ணடெற். உள்ளுக்குள் வெடி கொளுத்தின மாதிரி ஒரு சந்தோஷம். மேபல் அப்பால் போனதும் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"நீங்களுமா டொக்டர்?"

அவர் அவளைப் பார்த்தார். பின்னால் நிக்கலஸையும் பார்த்தார். முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது.

"வாய்க்குள்ள என்னென்ன செய்வினம் எண்டு தெரிஞ்சவனுக்குத்தான் தங்கச்சி பயம் கூட" என்றார் மெல்ல. "என்ர மனிசிக்குத் தெரிஞ்சா வெள்ளவத்தைக்கே தெரியும். பிறகு ஆர் என்னட்டை வந்து வாயைத் திறப்பினம்?"

பேர்ணடெற்றின் குரல் ஒன்றும் சின்னக் குரல் இல்லை. ஒரு சத்தம் போட்டால் போதும், வாங்கு முழுக்கச் சிரிக்கும். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு டொக்டரின் கன்னத்தையே பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனியன் பிடித்த மனசு, இளகிவிட்டது.

"மேபல்! இவரும் எங்கட ஆள்தான். நான் கூட்டிக்கொண்டு போறன்."

"ரெண்டு பேரையும் நீங்க ஒரு ஆளா?"

"நாலு பிள்ளை வளர்த்தனான். இது ரெண்டும் ஒரு பாரமா?"

பின்னேரம், வெள்ளவத்தைக்குப் போகிற திரீவீலரில் நடுவில் பேர்ணடெற். ஒரு தோளில் நிக்கலஸ், மறு தோளில் டொக்டர். டொக்டரின் வாயோரம் எச்சில் வழிந்தது. கைப்பையைத் துழாவினாள். அகப்பட்டது அந்தத் துணிதான். எறிய வைத்திருந்த துணியால் அவர் மூஞ்சியைத் துடைத்துவிட்டாள்.

காலி வீதிச் செக்பொயின்டில் ஓர் ஆமிக்காரன் தலையை உள்ளே நீட்டினான்.

"பீலாத?"

குடித்திருக்கிறார்களா என்று கேட்கிறான்.

"இல்ல மல்லி, மயக்க ஊசி போட்டுப் பல்லுப் பிடுங்கினது" என்று அவளும் தம்பி முறை வைத்துச் சிங்களத்திலேயே சொல்லி, மூன்று பேரின் அடையாள அட்டையையும் நீட்டினாள்.

டொக்டரின் அட்டையைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது. பிறந்த இடம் யாழ்ப்பாணம். தொழில் பல் வைத்தியர்.

"பல் டொக்டரா? பல் டொக்டருக்கு எதுக்கு மயக்க ஊசி?"

டொக்டருக்கு எல்லாம் கேட்டது. நாக்குத்தான் எழும்பவில்லை. பேர்ணடெற்றின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ர மனுசனுக்குச் சரியான பயம் மல்லி" என்றாள் அவள். "ஒண்டும் செய்யாது பார் எண்டு காட்டத்தான் டொக்டர் முதல்ல தனக்கு ஊசி போட்டு, தன்ர பல்லையும் பிடுங்கிக் காட்டினவர்."

ஆமிக்காரன் வாயைப் பிளந்தான். "இப்படியும் ஒரு டொக்டரா?" என்று நிக்கலஸின் தோளைத் தட்டினான். "ஏய், இது உண்மையா?"

நிக்கலஸ் பாடுபட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"உண்மைதான் மல்லி. என்னை ஒரு நாளும் ஏசினதே இல்ல."