திருப்பாத மீன்

மலை நகரமான தானா ராத்தாவில் பல வருடங்களாகக் கூட்டம் குறையாத அந்தக் கடல் உணவுக் கடையில், ஆவியில் வெந்த மீன் மேசைக்கு வந்தது. டோரீன் மறுபடியும் ஆரம்பித்தாள்.

“தேயிலைத் தொழிற்சாலையில கேட்டா வேலை கிடைக்காதா? லோரிதான் ஓட்டணுமா?”

மகன் டெஸ்மண்ட் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தான். மருமகள் வனஸ்ஸாதான் பதில் சொன்னாள்.

“முடிவு பண்ணியாச்சு அத்தை. நாளைக்குக் காலையில திரிங்காப்ல காய்கறி ஏத்திட்டு கோலாலம்பூருக்குக் கிளம்பணும்.”

“உனக்கென்ன, சுலபமா சொல்லிட்ட. உங்க மாமா லோரியோட மலை இறங்குனா, திரும்பி வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கமே வராது. வீட்டுல காத்துக் கெடக்கறவங்களுக்குத்தான் அது தெரியும்.”

“மாமா ஓட்டின ரோடுதானே அத்தை? பயந்துட்டே இருந்தா எப்படி?”

“வாயைப் பாரு,” என்று டோரீன் முணுமுணுத்தாள்.

மீனின் மேல்பக்கம் தீர்ந்தது. அடுத்த பக்கத்துக்காக டெஸ்மண்ட் அதைத் திருப்பப் போனான். டோரீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“திருப்பாதடா. மீனைத் திருப்பினா லோரி கவிழும்.”

“சீனவங்க சொல்றதெல்லாம் நம்புறியாம்மா?”

“உங்கப்பா இருந்த வரைக்கும் இந்தக் கடையில நாங்க மீனைத் திருப்பினதே இல்ல.”

டோரீன் நடுமுள்ளை முழுதாகத் தூக்கி எடுத்துவிட்டு, அடியில் இருந்த சதையை அள்ளினாள். டெஸ்மண்ட் தட்டை நீட்டினான்.

“நீ பொறுலா. லோரி ஓட்டப் போறவ முதல்ல சாப்பிடட்டும்,” என்று வனஸ்ஸாவின் தட்டில் வைத்தாள்.